கட்டணத்துக்குப் பறக்கும் ட்ரோன்: ஹாம் உரிமம் கைகொடுக்குமா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் வசிக்கிறேன். வார நாட்களில் மென்பொருள் வேலை. வார இறுதிகளில் எஃப்.பி.வி. ட்ரோன் (அதன் கேமரா காற்றில் அனுப்பும் படத்தைப் பார்த்தபடியே ஓட்டும் வகை) கொண்டு, விற்பனைக்கு வரும் வீடுகளின் வீடியோவும் நம்மவர் கல்யாண வீடியோவும் எடுத்துத் தருகிறேன். கட்டணத்துக்கு ட்ரோன் ஓட்ட வேண்டிய, விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.யின் பார்ட் 107 சான்றிதழ் இருக்கிறது. ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியில் டெக்னீஷியன் என்ற தொடக்கநிலை உரிமமும் வாங்கிவிட்டேன். என் ட்ரோனில் இருப்பது 5.8 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் 600 மில்லிவாட் அனலாக் வீடியோ டிரான்ஸ்மிட்டர். ஹாம் உரிமம் இருப்பதால் கவலை இல்லை என்கிறார்கள் நண்பர்கள். இப்போது ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனம், "என் வயர்லெஸ் கருவிகள் எல்லாம் வர்த்தக உபயோகத்துக்குச் சட்டப்படி உரியவை" என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்கிறது. கையெழுத்துப் போடலாமா? அலைவரிசைகளை நிர்வகிக்கும் அமெரிக்க ஆணையமான எஃப்.சி.சி.யிடம் வர்த்தக உரிமம் என்று தனியாக வாங்க வேண்டுமா? வாடிக்கையாளருக்கு நான் தருவது ட்ரோனில் உள்ள இன்னொரு கேமராவின் மெமரி கார்டில் பதிவாகும் படம்தான். காற்றில் வரும் படத்தை நான் மட்டுமே பார்க்கிறேன். அது கணக்கில் வராதா? கல்யாண மண்டபத்தில் ட்ரோன் படத்தை நேரலையாகத் திரையில் காட்ட வழி உண்டா? கடைசியாக, டிசம்பரில் மதுரையில் தங்கையின் கல்யாணம். இதே ட்ரோனை எடுத்துப் போகலாமா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். இப்போது ட்ரோனில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு அப்படி எழுதிக் கொடுத்தால், தெரிந்தே பொய் சொன்னதாக ஆகிவிடும். ஆனால் தொழிலை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு கருவியை மாற்றினால் போதும், அதே கடிதத்தில் மனச்சாட்சியோடு கையெழுத்துப் போடலாம். அமெரிக்கச் சந்தைக்கு வரும் வயர்லெஸ் கருவிகளுக்கு எஃப்.சி.சி. அங்கீகாரம் வாங்கித் தருவதுதான் என் வேலை. நானும் ஹாம் உரிமம் வைத்திருப்பவன். இந்தக் கேள்வியை ஏதேனும் ஒரு வடிவத்தில் மாதந்தோறும் கேட்கிறார்கள். உங்களைப் போல் கையெழுத்துக்கு முன்பே கேட்பவர்கள் குறைவு.

முதலில் ஹாம் உரிமம். அதற்குரிய சட்டம் எஃப்.சி.சி. விதிகளின் பார்ட் 97. அமெச்சூர் வானொலி எதற்காக என்பதை அதன் வரையறையே சொல்லிவிடுகிறது: தானே கற்றுக்கொள்வதற்கு, ஒருவரோடொருவர் தொடர்புகொள்வதற்கு, தொழில்நுட்ப ஆய்வுக்கு. அதுவும் பண ஆதாயம் எதுவும் இல்லாமல். அதே பார்ட்டின் 97.113-ஆம் பிரிவு இன்னும் தெளிவு. கூலிக்காகவோ, நேரடியாகவோ மறைமுகமாகவோ கொடுக்கப்படும் அல்லது தருவதாகச் சொல்லப்படும் பலனுக்காகவோ அலைபரப்பக் கூடாது. உரிமம் வைத்திருப்பவருக்கோ கருவியை இயக்குபவருக்கோ பண ஆதாயம் உள்ள எந்தத் தொடர்புக்கும் அமெச்சூர் அலைவரிசையைத் தொடக் கூடாது. முதலாளிக்காகச் செய்யும் தொடர்பும் இதில் அடங்கும். பள்ளி ஆசிரியர் வகுப்பில் பாடமாக நடத்துவது போன்ற சில விலக்குகள் உண்டு. வீடு விற்பனை வீடியோவுக்கோ கல்யாண வீடியோவுக்கோ அந்தப் பட்டியலில் இடமில்லை.

உங்கள் நண்பர்கள் சொல்வது முழுத் தவறு என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் பொழுதுபோக்காகப் பறக்கும்போது அவர்கள் சொல்வது பெருமளவு சரி. டெக்னீஷியன் உரிமம் உள்ளவர் 5650 முதல் 5925 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அமெச்சூர் அலைவரிசையில் 600 மில்லிவாட் மட்டுமல்ல, அதற்கு மேலும் பயன்படுத்தலாம். 35 கேள்விகளில் 26-க்குச் சரியாக விடை எழுதியவரை நம்பி அரசு இவ்வளவு பெரிய சுதந்திரத்தைக் கொடுக்கிறது. கருவிக்கு அங்கீகாரம் கேட்பதில்லை, சக்திக்கும் மிகத் தாராளமான வரம்பே வைக்கிறது. இதற்கு ஈடாக அது கேட்பது ஒன்றே ஒன்று, இதை வைத்துச் சம்பாதிக்காதே என்பது. காசு கைமாறும் கணத்தில் அந்த ஏற்பாடு முடிந்துவிடுகிறது. பார்ட் 107 சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். அது வான்வெளிக்குரிய அனுமதி, எஃப்.ஏ.ஏ. கொடுப்பது. அலைவரிசைக்கு அதிகாரி எஃப்.சி.சி. ஒருவர் கொடுத்த சான்று மற்றவரிடம் செல்லாது.

இனி நீங்கள் எழுப்பியிருக்கும் மெமரி கார்டு வாதம். இதை நான் அக்கறையோடு யோசித்துப் பார்த்தேன், ஏனென்றால் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் வாங்குவது பதிவான படத்தை. காற்றில் வரும் மங்கலான படம் நீங்கள் ஓட்டுவதற்கு மட்டும். ஆனால் சட்டம் யார் அந்தப் படத்தைப் பார்க்கிறார்கள் என்று கேட்கவில்லை. அலைபரப்புபவருக்கு அந்தத் தொடர்பில் பண ஆதாயம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. கண்ணில் மாட்டிப் பார்க்கும் காகில்ஸில் படம் வராவிட்டால் உங்களால் வாசல் வழியாக நுழைந்து, மாடிப்படி ஏறி, சமையலறை ஜன்னலைத் தாண்டிப் போக முடியுமா? முடியாது. அந்தப் படம் வருவதால்தான் வேலை நடக்கிறது, வேலை நடப்பதால்தான் பணம் வருகிறது. எனவே அந்த வீடியோ இணைப்பு கூலி வேலையின் ஒரு பகுதியே. இதற்கு மாறாக யாராவது சட்ட ஆலோசனை சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

ரிமோட்டிலிருந்து ட்ரோனுக்குப் போகும் கட்டுப்பாட்டு இணைப்புக்கும் இதே நியாயம்தான். மாதிரி விமானங்களை அமெச்சூர் அலைவரிசையில் ஒரு வாட் வரை சக்தியோடு இயக்க 97.215-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதுவும் பார்ட் 97-இன் உள்ளே இருப்பதால் ஆதாயத் தடை அதற்கும் பொருந்தும். ஆகவே ரிமோட்டின் டிரான்ஸ்மிட்டர் மாட்யூலையும் சேர்த்துப் பாருங்கள். வீடியோவைச் சரிசெய்துவிட்டு ரிமோட்டை மறந்துவிடுபவர்கள் நிறைய.

சரி, ஹாம் வழி அடைபட்டது. அப்படியானால் எஃப்.சி.சி.யிடம் வர்த்தக உரிமம் வாங்க வேண்டுமா? உங்கள் அளவு வேலைக்கு வேண்டாம். ஒளிபரப்பு நிறுவனங்கள் செய்தி ஹெலிகாப்டர்களிலிருந்து படம் அனுப்ப 2025 முதல் 2110 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. அது பார்ட் 74-இன் கீழ் உரிமம் பெற்றவர்களுக்கு உரியது. ஒருவர் மேல் ஒருவர் மோதாமல் இருக்க ஒவ்வோர் ஊரிலும் அலைவரிசை ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் தனி ஏற்பாடுகள் உண்டு. இவை எல்லாம் பெரிய தயாரிப்புகளுக்கும் தொலைக்காட்சி நிலையங்களுக்கும் ஏற்பட்டவை. தகுதி, கட்டணம், காத்திருப்பு எல்லாமே வேறு தரம். ஒரு வீட்டைச் சுற்றி மூன்று நிமிடம் பறப்பவர் அந்த வாசலில் போய் நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

உங்களுக்கான வாசல் பார்ட் 15. உரிமம் இல்லாமலே யாரும் இயக்கக்கூடிய கருவிகளுக்கான விதிகள் அவை. வைஃபை, ப்ளூடூத், குழந்தையைக் கண்காணிக்கும் கேமரா எல்லாம் அதன் கீழ்தான் வருகின்றன. பார்ட் 15 கருவியைக் கொண்டு சம்பாதிக்கக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. நிபந்தனைகள் வேறு: மற்றவருக்கு இடையூறு தரக் கூடாது. மற்றவர் தரும் இடையூற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கருவி சோதிக்கப்பட்டு எஃப்.சி.சி. அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். இங்கே அனுமதி கருவியோடு வருகிறது. அதை இயக்குபவர் எந்தத் தேர்வும் எழுத வேண்டியதில்லை.

அப்படியானால் இப்போதுள்ள அனலாக் டிரான்ஸ்மிட்டரையே பார்ட் 15 கணக்கில் ஓட்டலாமே என்று கேட்பீர்கள். முடியாது, அதற்கான காரணம் எண்களில் இருக்கிறது. 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை அனலாக் கருவிகளுக்குப் பொருந்தும் 15.249-ஆம் பிரிவு, மூன்று மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 50 மில்லிவோல்ட் புலவலிமைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அதை ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் சக்தியாக மாற்றிக் கணக்கிட்டால் சுமார் 0.75 மில்லிவாட். உங்களுடையது 600 மில்லிவாட். ஆன்டெனா சமிக்ஞையை ஒரு பக்கமாகக் குவித்துக் கூட்டித் தரும் பெருக்கத்தைச் சேர்க்காமலே எண்ணூறு மடங்கு. 25 மில்லிவாட்டுக்குக் குறைத்துவிட்டேன், இப்போது சட்டப்படி சரி என்று சொல்பவர்களும் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். அதுவும் முப்பது மடங்குக்கு மேல்.

டிஜிட்டல் கருவிகளுக்குக் கதை வேறு. டிஜிட்டல் முறையில் சமிக்ஞையை அகலமாகப் பரப்பி அனுப்பும் கருவிகளுக்கு 15.247-ஆம் பிரிவு 2400 முதல் 2483.5 வரையும், 5725 முதல் 5850 மெகாஹெர்ட்ஸ் வரையும் ஒரு வாட் வரை இடம் தருகிறது. அதாவது அனலாக்குக்குக் கிடைப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். உரிமம் இல்லாத அலைவரிசையில் நல்ல தூரம் பறக்க வேண்டுமானால் டிஜிட்டல்தான் ஒரே வழி என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அனலாக்கின் தாமதமில்லாத படம் பலருக்குப் பிரியமானது என்பது எனக்குத் தெரியும். பந்தயத்துக்கு அது பொருந்தும். விற்பனைக்கு வைத்த வீட்டின் வரவேற்பறையை மெதுவாகச் சுற்றி வர அந்தச் சில மில்லி விநாடிகள் முக்கியமில்லை.

டிஜிட்டல் என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. கருவியின் மேலோ, மெனுவிலோ, கையேட்டிலோ எஃப்.சி.சி. ஐடி இருக்கும். முதல் மூன்று அல்லது ஐந்து எழுத்துகள் நிறுவனத்தைக் குறிப்பவை, மீதி அந்த மாடலை. எஃப்.சி.சி.யின் இணையத்தளத்தில் அதைத் தட்டினால் அங்கீகாரச் சான்று ஒரு பக்கத்தில் வரும். அதில் மேலோட்டமாகப் பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். நடுவில் உள்ள சிறிய அட்டவணையைப் படியுங்கள். இடப்பக்கம் விதிப் பிரிவு, அடுத்து அலைவரிசையின் தொடக்கமும் முடிவும், பிறகு வாட் கணக்கில் சக்தி. டிஜிட்டல் கருவியானால் வகை என்ற இடத்தில் டி.டி.எஸ். என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். வைஃபை வகைக் கருவியானால் என்.ஐ.ஐ. என்று இருக்கும். டி.எக்ஸ்.எக்ஸ். என்று இருந்தால் அது மிகக் குறைந்த சக்திக் கருவி, மேலே சொன்ன 50 மில்லிவோல்ட் வரம்புக்குள் அடங்குவது. சான்றில் 5745 முதல் 5825 வரை என்று இருக்க, உங்கள் கருவி 5660-இலும் இயங்குகிறது என்றால் அந்த அலைவரிசையில் அங்கீகாரம் இல்லை. அங்கீகாரம் பெற்ற வரம்புக்குள் மட்டும் சேனல் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு பக்கத்தைப் படிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது.

இன்னும் ஒன்று. சான்று, சோதனைக்குப் போன கருவிக்கும் அதனோடு போன ஆன்டெனாவுக்கும் சேர்த்துத் தரப்படுவது. அதிகப் பெருக்கம் கொண்ட ஆன்டெனா, வெளியே இணைக்கும் ஆம்ப்ளிஃபையர், சக்தி வரம்பை நீக்கும் மென்பொருள் தந்திரம், இவற்றில் எது செய்தாலும் உங்கள் கையில் இருப்பது சான்று பெற்ற கருவி அல்ல. படத்தைப் பெறும் காகில்ஸ் பக்கம் எந்த ஆன்டெனாவையும் போட்டுக்கொள்ளுங்கள், அலையைப் பெறுவதற்குத் தடையில்லை. தூரம் வேண்டுமானால் அங்கேதான் செலவழிக்க வேண்டும்.

நானே பாகங்கள் வாங்கிச் சேர்த்துக் கட்டிய ட்ரோன், வீட்டில் செய்ததற்கு விலக்கு உண்டாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். 15.23-ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்காகச் செய்யும் ஐந்து கருவிகள் வரை அங்கீகாரம் கேட்பதில்லை. தயார் பாகத் தொகுப்பாக (கிட்) வாங்கிச் சேர்த்தவை அதில் வராது. கூலி வேலை சொந்த உபயோகமும் ஆகாது.

இதெல்லாம் காகிதச் சட்டம், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைப்பவர்களுக்காக, நீங்கள் வசிக்கும் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். 1985 ஆகஸ்ட் 2 அன்று டாலஸ் - ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் தரையிறங்க வந்த டெல்டா 191 விமானம், இடிமேகத்திலிருந்து திடீரென்று கீழ்நோக்கிப் பாய்ந்த காற்றில் சிக்கி விழுந்தது. சாலையில் காரில் போனவர் ஒருவரையும் சேர்த்து 137 பேர் இறந்தார்கள். அத்தகைய காற்றுகளை முன்கூட்டியே காட்ட முக்கிய விமான நிலையங்களின் அருகே டாப்ளர் வானிலை ரேடார்கள் நிறுவப்பட்டன. டாலஸ் பகுதியிலும் இருக்கின்றன. அவை இயங்கும் அலைவரிசை 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ். இப்போது உங்கள் அனலாக் டிரான்ஸ்மிட்டரின் சேனல் பட்டியலைத் திறந்து ஈ-பேண்ட் என்ற சேனல் தொகுப்பில் நான்காவது சேனலைப் பாருங்கள்: 5645. ரேடாரின் அலைவரிசைக்கு உள்ளேயே இருக்கிறது. ஹாம் உரிமம் உள்ளவருக்கும் அங்கே உரிமை இல்லை. எட்டாவது சேனல் 5945, அதுவும் அமெச்சூர் எல்லைக்கு வெளியே.

ரேஸ்பேண்ட் என்ற இன்னொரு தொகுப்பின் முதல் சேனல் 5658 என்பதால் எல்லைக்குள் இருப்பதாகத் தோன்றும். ஆனால் அனலாக் வீடியோ சமிக்ஞை ஏறக்குறைய 18 முதல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் பிடிக்கும். நடுப்புள்ளி 5658 என்றால் அதன் ஓரம் 5650-க்குக் கீழே இறங்கிவிடும். மறுகோடியில் 5917 என்ற எட்டாவது சேனலும் அப்படியே 5925-ஐத் தாண்டும். தரையில் இருந்தால் மரமும் சுவரும் தடுத்துவிடும். 400 அடி உயரத்தில் எதுவும் தடுக்காது. அந்த உயரத்திலிருந்து வானொலி அலை நேராக எட்டும் எல்லை 40 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஃபிரிஸ்கோவில் பறக்கும் உங்கள் ட்ரோனுக்கும் விமான நிலையப் பகுதிக்கும் இடையே உள்ள தூரத்தை நீங்களே அளந்து பாருங்கள். பொழுதுபோக்குக்குப் பறக்கும்போதும் அந்த ஓரச் சேனல்களைத் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எஃப்.சி.சி. இதைக் கண்டுகொள்வதில்லை என்ற பேச்சும் சரியல்ல. 2017 ஜனவரியில் அமெரிக்க ஹாம்களின் தேசிய அமைப்பான ஏ.ஆர்.ஆர்.எல். தானே முன்வந்து புகார் செய்தது. ஹாம் கருவி என்ற பெயரில் இணையத்தில் விற்கப்பட்ட ட்ரோன் வீடியோ டிரான்ஸ்மிட்டர்கள், விமானங்கள் தம்மை ரேடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர்கள் பயன்படுத்தும் 1030, 1090 மெகாஹெர்ட்ஸ்களுக்கு அருகிலும் வழிகாட்டும் செயற்கைக்கோள் அலைவரிசைகளிலும் இயங்குகின்றன என்பது புகார். 2018 ஜூனில், இத்தகைய கருவிகளை விற்ற லுமெனியர் நிறுவனம் 1,80,000 டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. அதே மாதம் இன்னொரு விற்பனை நிறுவனமான ஹாபிகிங் மீது 28 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் முன்மொழியப்பட்டு, 2020 ஜூலையில் உறுதி செய்யப்பட்டது. அமெச்சூர் அலைவரிசைக்கு வெளியேயும் இயங்கக்கூடிய கருவியை "ஹாம்களுக்கு மட்டும்" என்று அச்சிட்டு அங்கீகாரமின்றி விற்க முடியாது என்பதை ஆணையம் அப்போதே தெளிவாக்கிவிட்டது. உங்கள் டிரான்ஸ்மிட்டரின் பெட்டியிலும் அப்படி ஒரு வரி இருக்கும். அதை ஆதாரமாக நம்பாதீர்கள்.

அபராதமெல்லாம் விற்றவர்களுக்குத்தானே என்றால், உங்களைப் போன்றவருக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். ட்ரோன் கட்டுப்பாடு இழந்து கண்ணாடிக் கதவில் மோதுகிறது, அல்லது விருந்தினர் ஒருவருக்குக் காயம். காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது சட்டப்படி பறந்தீர்களா என்பதை. உங்கள் பாலிசியில் சட்டவிரோத இயக்கத்துக்கு இழப்பீடு இல்லை என்ற வரி இருக்கிறதா என்று இன்றே படித்துப் பாருங்கள். அந்த ரியல் எஸ்டேட் நிறுவனம் கையெழுத்துக் கேட்பதும் பொறுப்பு தன் தலையில் விழக்கூடாது என்பதற்காகத்தான். அவர்கள் கேட்பது முறையான கேள்வி. மற்ற வாடிக்கையாளர்களும் கேட்கத் தொடங்கினால் நல்லது என்றே நினைக்கிறேன்.

கல்யாண வீடியோ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்மவர்களிடம் "காசு வாங்கவில்லை, சொந்தக்காரர்தான்" என்ற வழக்கம் அதிகம். மாமா மகள் கல்யாணத்துக்கு அன்பின் பேரில் பறந்தீர்கள், எதையும் எதிர்பார்க்கவில்லை என்றால் ஆதாயத் தடை வராது. ஆனால் முடிந்ததும் வேட்டி சட்டையோடு ஒரு கவரும் கையில் திணிப்பார்கள். முன்பே பேசி வைத்ததானால் அது கூலிதான். கவர் இல்லாவிட்டாலும், அந்தப் படத்தை உங்கள் தொழில் பக்கத்தில் விளம்பரமாகப் போடுவதற்காகவே பறந்தீர்கள் என்றால், மறைமுகப் பலன் என்ற சொல் அங்கே வந்து நிற்கும். ஒவ்வொரு கல்யாணத்திலும் இதை எடைபோட்டுக்கொண்டிருப்பதைவிட, கேமராவோடு கிளம்பும் எல்லா வேலைக்கும் பார்ட் 15 கருவியையே எடுத்துப் போவது நிம்மதி. ஹாம் டிரான்ஸ்மிட்டர் உள்ள ட்ரோனைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாலை நேரப் பயிற்சி, நண்பர்களோடு பந்தயம், புது ஆன்டெனா சோதனை, இவற்றுக்காகத்தான் அந்த உரிமம். பறக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஹாம் உரிமத்தோடு வந்த உங்கள் அழைப்புக்குறியைப் படத்தில் காட்ட மறக்காதீர்கள். திரையில் எழுத்தாக வருமாறு அமைத்துவிட்டால் தானாகவே நடந்துவிடும்.

மண்டபத் திரையில் நேரலை காட்டத் தாராளமாக வழி உண்டு. அங்கீகாரம் பெற்ற டிஜிட்டல் இணைப்பில் படம் தரைக்கு வரட்டும். காகில்ஸிலிருந்தோ ரிசீவரிலிருந்தோ எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாகத் திரைக்குக் கொடுங்கள். இணையத்தில் காட்ட வேண்டுமானாலும் தரையில் உள்ள மடிக்கணினியிலிருந்து அனுப்புங்கள். செல்போனை ட்ரோனில் கட்டி மேலே அனுப்பி நேரலை செய்யும் யோசனையை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். 800 மெகாஹெர்ட்ஸ் செல்லுலார் அலைவரிசையில் இயங்கும் போனை வானில் பறக்கும் எந்த ஊர்தியிலும் பயன்படுத்தக் கூடாது என்று எஃப்.சி.சி.யின் 22.925-ஆம் பிரிவு தடை செய்கிறது. உயரத்தில் ஒரு போன் ஒரே நேரத்தில் பல டவர்களின் கண்ணில் படும் என்பதுதான் காரணம்.

பார்ட் 107 பக்கம் உங்களுக்கே தெரியும் என்பதால் ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். காகில்ஸ் மாட்டிக்கொண்டு பறக்கும்போது ட்ரோனைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பார்வையாளர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கட்டண வேலையில் இதற்கு ஆள் கூலியையும் சேர்த்து விலை சொல்லுங்கள். மாப்பிள்ளையின் தம்பியைப் பிடித்து நிறுத்துவது வேண்டாம். சாப்பாட்டுப் பந்தி ஆரம்பித்ததும் அவர் போய்விடுவார்.

நிறுவனத்துக்கு என்ன எழுதலாம்? பொதுவாக "எல்லாம் சட்டப்படி" என்று எழுதுவதைவிட விவரமாக எழுதுங்கள். வீடியோ டிரான்ஸ்மிட்டரின் மாடலும் எஃப்.சி.சி. ஐடியும், ரிமோட்டின் மாடலும் ஐடியும், இரண்டும் பார்ட் 15-இன் கீழ் அங்கீகாரம் பெற்றவை என்பதும், அங்கீகாரத்தில் உள்ள ஆன்டெனாவோடும் சக்தியோடும் மாற்றமின்றி இயக்கப்படும் என்பதும், இந்தப் பணியில் அமெச்சூர் வானொலி உரிமத்தின் கீழ் எதுவும் அலைபரப்பப்படாது என்பதும். அதோடு பார்ட் 107 சான்றிதழ் எண், ட்ரோனின் பதிவு எண். நான்கைந்து வரிதான். எஃப்.சி.சி. சான்றுப் பக்கங்களை அச்சிட்டு இணைத்தால், அந்த நிறுவனத்தின் வழக்கறிஞர் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார். டிரான்ஸ்மிட்டரை மாற்றும் வரை அந்த வேலையை ஒப்புக்கொள்ள வேண்டாம். இடையில் தேதி நெருக்கினால், அங்கீகாரம் பெற்ற, கடையில் வாங்கியபடியே இருக்கும் சாதாரண கேமரா ட்ரோன் ஒன்றை வாடகைக்கு எடுத்து வெளிப்புறக் காட்சிகளை முடித்துக் கொடுங்கள்.

கடைசியாக மதுரை. ட்ரோனை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோன்களை இந்தியாவுக்கு இறக்குமதி செய்வதற்குத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறை போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு. பாகங்களைப் பிரித்துக் கொண்டுபோய் அங்கே சேர்த்துக்கொள்ளலாம் என்று யோசிக்காதீர்கள், சேர்ப்பதற்குத் தயாரான பாகத் தொகுப்புகளும் அதே தடைக்குள் வருகின்றன. விமான நிலையச் சுங்கத்தில் பறிபோனால் தங்கையின் கல்யாணத்துக்கு முன் அந்த மனக்கஷ்டம் வேறு. அமெரிக்க ஹாம் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே அலைபரப்பவும் முடியாது. இந்தியாவில் வயர்லெஸ் கருவிகளுக்கு டபிள்யூ.பி.சி. எனும் மத்திய அரசுப் பிரிவின் அங்கீகாரம் வேண்டும். ட்ரோனுக்கு 2021 விதிகளின்படி தனி அடையாள எண்ணும், மிகச் சிறிய நானோ வகை தவிர மற்றவற்றைத் தொழிலுக்கு ஓட்டுபவருக்குச் சான்றிதழும் வேண்டும். மதுரையில் இவை எல்லாம் வைத்துத் தொழில் செய்பவர்கள் இருப்பார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் அவர்களிடம் ட்ரோனின் அடையாள எண்ணையும் ஓட்டுபவரின் சான்றிதழையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மண்டபம் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள, பறக்கக் கட்டுப்பாடு உள்ள மஞ்சள், சிவப்பு மண்டலங்களில் வருகிறதா என்பதை அரசின் வான்வெளி வரைபடத்தில் பார்த்துச் சொல்ல வேண்டியதும் அவர்கள் பொறுப்பு. கோணங்களை நீங்கள் சொல்லுங்கள், பறப்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தங்கைக்கு என் வாழ்த்துகள்.